மாமன் சீராக வந்த மெஷின்

கரண்ட் போனால்தான் எங்கள் வீதியில் காது கேட்கும். சோமனூருக்குப் பக்கத்தில், வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடிய வீதி அது. கைக்குழந்தைகள்கூடத் தறிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கும், சத்தம் நின்றால்தான் விழித்துக்கொண்டு அழும். தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றுபோகிற அந்த நேரத்தில், எதிர்வீட்டு கோமதியக்காவின் தையல் மெஷின் மட்டும் 'டக்கு டக்கு' என்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். காலால் மிதிக்கிற மெஷினுக்குக் கரண்ட் எதற்கு? அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என் அக்கா சரசு, கையிலிருக்கும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

தையல் பழக வருகிறவர்களுக்கு முதலில் துணியும் கிடையாது, நூலும் கிடையாது. பழைய செய்தித்தாளை ஊசிக்கு அடியில் வைத்து, அச்சு வரியை விட்டு விலகாமல் வெறும் ஊசியை ஓட்ட வேண்டும். மிதி கொஞ்சம் தப்பினாலும் சக்கரம் பின்னால் சுழன்று நூலை அறுத்துவிடும் என்பதால், கால் படியும்வரை இந்தக் காகிதப் பாடம்தான். அப்படி ஓட்டி முடித்த தாள்களை அக்கா எனக்குத் தருவாள், நான் அவற்றை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, புள்ளி புள்ளியாக வெளிச்சம் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆரம்பத்தில் குடித்தவன் நடையாகக் கோணிக்கொண்டு போன புள்ளிகள், நாளாக ஆகக் கோடு போட்ட மாதிரி நேராகிவிட்டன. ஆனால் கோமதியக்காவின் மெஷினில் எப்போதும் யாருடைய துணியாவது இருக்கும், அக்காவுக்குக் கிடைப்பது கரண்ட் போன நேரத்து மிச்சம் மட்டும்தான். நூல் கோக்கும் நாள் அவளுக்கு வரவேயில்லை.

அக்கா அப்போது பத்தாவது எழுதி முடித்திருந்தாள், நான் ஐந்தாவது. அப்பா அடுத்தவர் தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர், அந்த வருடம் நெய்யக் கொடுக்கிற பாவு நூல் வரத்து குறைந்து தறிகள் பாதி நாள் நின்றுகிடந்தன. அக்காவைப் பதினொன்றாவது சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை, எடுக்காமல் இருப்பதே எங்களுக்குப் பயமாக இருந்தது. அக்கா மட்டும் மனதுக்குள் ஒரு வழி போட்டு வைத்திருந்தாள். "நம்மூட்ல ஒரு கால் மெஷின் மட்டும் இருந்துச்சுன்னா, ஸ்கூல் உட்டு வந்து நாலு ரவிக்கை தெச்சுக் குடுத்துப்போட்டு, என்ற படிப்புக்கு நானே பாத்துக்குவேன் அம்மணி. ஆரையும் கேக்க வேண்டாம்," என்று பாயில் படுத்துக்கொண்டு என்னிடம் சொல்வாள்.

அம்மாவின் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அக்கா வயதுக்கு வந்து இரண்டு வருடமாகியும் வசதிப்படவில்லை என்று தள்ளிப்போட்டிருந்த 'திரட்டி' சீரை, அந்தக் கோடை விடுமுறையில் செய்துவிடுவதென்று முடிவானது. தாய்மாமன் சீர் சின்னதாக இருந்தால் சபையில் பேச்சுக் கேட்க வேண்டும். மாமா ஒருநாள் வந்து, "ஏனுங்கக்கா, பட்டும் தட்டும் எல்லாரும் வெக்கறதுதானுங்க. நம்ம புள்ளைக்கு நானொரு தையல் மெஷினும் சேத்து வெக்கறேன்," என்றார். அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினோம். டவுன்ஹால் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது கடை. கடைக்கார பாய் தாடி நரைத்தவர், "மெஷின் ஆருக்குங்க?" என்று கேட்டுவிட்டு, அம்மா அக்காவைக் காட்டியதும், வாசலையொட்டி நின்ற ஒரு கால் மெஷினிடம் எங்களை அழைத்துப்போனார். கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் பூப்போட்டிருந்தது. "புதுசாப் பழகற புள்ளைக்கு இதுதானுங்க நல்லது. மெதுவாப் போகும், நெனச்ச எடத்துல நிக்கும்," என்றார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மிதியில் காலை வைத்தாள். சக்கரம் ஒரு தடவைகூடப் பின்னால் போகாமல் சுழன்றது. அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை, சொல்லப்போனால் அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

மாமா அதற்குள் கடையின் உள்பக்கம் போய், கீழே மோட்டார் தொங்குகிற பெரிய மேசை ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாய், நம்மளுக்குக் கம்பெனில ஓடற பவர் மெஷினுங்க," என்றார்.

"பழகற புள்ளைக்கு அது வேணாமுங்க. தொட்டாப் பறக்கும், துணிய இழுத்துப்போட்டு ஓடிரும்."

"ஓடட்டுமுங்க," என்று சிரித்துவிட்டு, மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, கால் மெஷினுல பழகிட்டுப் போனா கம்பெனில டெய்லரா எடுக்க மாட்டாங்க. கைமடியாத்தான் நிக்கோணும். மீசை மொளைக்கற வரைக்கும் நான் நின்னே கெடந்தேன், காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கிச்சு. நம்ம சரசு போன அன்னிக்கே சேர்ல உக்காரோணும்."

டெய்லருக்குப் பக்கத்தில் நின்றபடியே துணியை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலைக்குத்தான் திருப்பூரில் கைமடி என்று பெயர். மாமா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த துன்பத்திலிருந்து அக்காவைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவ்வளவு பெரிய மெஷினை எடுத்தார். ஆனால் படிப்பு முடிந்துவிட்டது என்பதை, வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத அதை, அக்கா அந்தக் கடையில் இரண்டு மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டாள். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வீதியைப் பார்த்துக்கொண்டே, "மாமன் சொன்னா சரியாத்தான் இருக்கும் கண்ணு," என்றாள். அக்கா மிதியிலிருந்து காலை எடுத்துச் செருப்பைத் தேடினாள்.

சீர் அன்றைக்கு மெஷின் டெம்போவில் வந்து இறங்கியது. அதற்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். மேளத்தோடு அதைச் சபைக்குக் கொண்டுவந்து வைத்தபோது, "மாமன்னா இப்படியல்லோ இருக்கோணும்!" என்று சொந்தபந்தமெல்லாம் வாய் பிளந்தது. அக்கா பட்டுச்சேலையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த மெஷினுக்கு மெதுவாகப் போகத் தெரியாது. பெடலில் கட்டைவிரல் பட்டாலே வீடு அதிரும், துணி அடுத்த பக்கம் போய் விழும். மாமா ஞாயிறுதோறும் வந்து பழக்கினார். முதல் வாரமே ஊசி அக்காவின் ஆள்காட்டி விரலில் ஏறி இறங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே உட்கார்ந்தாள், பயம் விட்டுப்போய் வேகம் வந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, அக்காவின் பழைய பையை மாட்டிக்கொண்டு நான் தனியாக ஆறாவதுக்குப் புறப்பட்டபோது, வீதி முனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அக்கா டிபன் டப்பாவோடு ஓடிப்போய் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் அழுதுகொண்டேதான் வகுப்புக்குப் போனேன்.

அக்கா இன்றைக்கும் அதே வேலையில்தான் இருக்கிறாள். சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது அவள் வேலை, வேறெதுவும் அவளிடம் வராது. அவள் வைத்த கைகள் எந்தெந்த நாட்டிலோ யார் யார் உடம்பிலோ இருக்கின்றன. ஒரு முழுச் சட்டை தைக்க அவளுக்குத் தெரியாது, தன் ரவிக்கையைக்கூட வெளியே கொடுத்துத்தான் தைத்துக்கொள்கிறாள். அவள் சம்பளத்தில் படித்து நான் டீச்சரானேன். மாமா கடைசிவரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் புள்ள ஒருநாளும் நின்னதில்லீங்க."

மாமா போய்விட்டார். எங்கள் வீதியின் தறிகளில் பாதிக்குமேல் பழைய இரும்புக்குப் போய்விட்டன. கோமதியக்காவின் வீடு இப்போது யாருடைய நூல் குடோனோ. கரண்ட் இருக்கும்போதும் வீதி அமைதியாகத்தான் இருக்கிறது, அதில் கேட்பதற்கு எந்தச் சத்தமும் இல்லை.

போன மாதம் என் மகள் தையல் பழக வேண்டும் என்றாள். மெஷின் பார்க்க அக்காவைவிட யார் இருக்கிறார்கள் என்று அவளையும் கூட்டிக்கொண்டு அதே சந்துக்குப் போனேன். கடையில் பாயின் மகன் இருந்தார். மகளும் நானும் ஒரு சின்னக் கரண்ட் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா, "ஏனுங்க, இது மெதுவாப் போகுங்களா?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். போகும் என்றதும், எடுத்துக்கொள்ளச் சொல்லித் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

பணம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மூலையில் நின்ற ஒரு கால் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு பக்கத்தில் கிடந்தது. இத்தனை வருடம் ஒரே அழுத்தாக அழுத்தியே பழகிய கால், மிதியை அழுத்தியது. சக்கரம் பின்னால் சுழன்று நூல் அறுந்தது. மறுபடியும் கோத்தாள், மறுபடியும் அறுந்தது.

கடைக்காரர் கிட்டே போய், "புதுசாப் பழகறீங்களாம்மா? போகப் போக வந்துருமுங்க," என்றார்.

"ஆமாங்க, புதுசுதானுங்க," என்று சொல்லிவிட்டு, அக்கா ஊசிக் காதைத் தேடி மறுபடியும் குனிந்தாள்.