வெள்ளிமலை இறக்கத்தில் காற்று எடுத்தோம்

ஜீப்பில் இருந்தவர்கள்: ஓட்டி வந்த தங்கராசு. என் மனைவி அஞ்சலை. அவள் தங்கை செல்வி. நான்.

செல்விக்கு மறுநாள் காலை சேலத்தில் ஜவுளிக்கடை வேலை ஆரம்பம். பிந்தினால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். சின்னசேலத்தில் மாலை ஆறரைக்கு ரயில். அதற்குள் கல்வராயன் மலையைப் பார்த்துவிட வேண்டும் என்றாள். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். காலையிலேயே போனோம். அருவியில் குளித்தோம். தண்ணீர் நல்ல குளிர்ச்சி.

மதியம் இரண்டு மணி. இறக்கம். மூன்றாவது வளைவில் தங்கராசுவின் முகம் மாறியது. பிரேக் பஞ்சு போல அமுங்குகிறது என்றான். இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறது. முதல் கியரில் ஊர்ந்து, சமமான இடம் பார்த்து நிறுத்தினான். சக்கரங்களுக்குக் கல் வைத்தேன்.

நான்கு சக்கரத்தையும் தடவிப் பார்த்தான். ஒழுகல் இல்லை. பிரேக் ஆயிலும் குறையவில்லை.

"போன வாரம் வாஷர் மாத்தனேண்ணே. பிரேக் கொழாயில பூந்த காத்த சரியா எடுக்கல. என் தப்புதான்."

"இப்ப எடு," என்றேன்.

ஸ்பேனர், ட்யூப், பிரேக் ஆயில் அவனிடம் இருந்தன. செல்வி ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து பிரேக் பெடலில் கால் வைத்தாள். "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். "புடி" என்றால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது அவன் சக்கரத்துப் பக்கம் நிப்பிளை, காற்று போகும் சின்னத் திருகை, திறப்பான். காற்றும் ஆயிலும் ட்யூப் வழியாகப் பாட்டிலில் இறங்கும். மூடிவிட்டு "வுடு" என்பான். அப்புறம்தான் காலை எடுக்கலாம். குறைகிற ஆயிலை நான் ஊற்றினேன்.

முதல் சக்கரத்தில், ட்யூபில் வரும் குமிழி நிற்கும் நேரம். ஒரு குரங்கு எங்கள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நான் கல்லை எடுத்தேன்.

"போனா போவுது, வுடுங்க!" என்றாள் அஞ்சலை.

செல்வி காலை எடுத்துவிட்டாள். நிப்பிள் திறந்திருந்தது. போன காற்று திரும்ப ஏறிவிட்டது.

"யாரு வுடு சொன்னது?" அடியிலிருந்து தங்கராசு கத்தினான்.

"கொரங்கத்தான் சொன்னேன் தம்பி!"

"இங்க ஆயில்ல குளிச்சிகினு கெடக்கற கொரங்கையும் கொஞ்சம் பாருக்கா."

சிரித்துவிட்டோம். முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

"இனிமே வுடு கெடையாது. சேலம்னு சொன்னாதான் கால எடுக்கணும்," என்றான் செல்வியிடம்.

"சேலம் போய்டலாமாண்ணா?"

"நீ அழுத்தற அழுத்துல இருக்குது."

நான்காவது சக்கரம் முடிந்தபோது மணி நாலரை. பெடல் கல் போல நின்றது. அங்கேயே நாலு முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தான். பிறகு மலை இறங்கினோம். எங்கள் களமருதூரில் தரை சமம், பிரேக்கை யாரும் நினைப்பதில்லை. அன்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். எல்லா வளைவிலும் பிடித்தது.

ஆறு இருபதுக்கு ஸ்டேஷன். ரயில் படியில் ஏறும்போது செல்வியின் வலது கால் நடுங்கியது.

"இன்னா, பயமா?" என்றேன்.

"இல்ல மாமா, மிதிச்ச காலு. எத்தினி மிதின்னு எண்ணிகினே இருந்தேன்."

ரயில் நகர்ந்தது. ஜன்னலிலிருந்து கத்திச் சொன்னாள்.

நூற்றுப் பதினாறு.