அரிவாள் குளத்துக்கு மேலே

என் வீட்டுக்காரர் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். அத்தனை வருஷம் விமானம் ஓட்டியும் ஒன்றும் ஆகாமல் படுக்கையில் போய்ச் சேர்ந்தாரே, புண்ணியவான் என்றார்கள். எண்பதைத் தாண்டியவர். காலையில் இட்லி தின்றுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவுதான். ஆனாலும் வந்தவர்கள் முகத்தில் லேசான ஏமாற்றம் இருந்ததாக எனக்குப் பட்டது. விமானம் ஓட்டுகிறவர் விழுந்துதான் சாக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்கள் தெருவில் சைக்கிளிலிருந்து விழுந்து செத்தவரே இருக்கிறார்.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவரின் மகன் அவர். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் புவியியல் பேராசிரியராக இருந்தார். வேலையில் இருக்கும்போதே கோடை விடுமுறைகளில் வெளியூர் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். மற்ற வாத்தியார்கள் அந்த லீவில் விடைத்தாள் திருத்தி வீட்டுக்கு மாடி எடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு, அவரைப் போலவே கிறுக்குப் பிடித்த நாலைந்து பேரோடு சேர்ந்து, இரண்டே பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வாங்கினார். கடலோரத்துச் செம்மண் காட்டுக்குள் அதற்கு ஓர் ஓடுதளமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான் குடியிருப்பு. நானும் கூடப் போவேன். ஃபிளாஸ்கில் சுக்குக் காபியோடு காருக்குள் உட்கார்ந்து, அவர் இறங்குகிற வரைக்கும் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. பக்கத்து இருக்கையில் என்னை உட்காரவைத்துப் பறக்க வேண்டும். கேட்காத வருஷம் கிடையாது. நானும் மசியவில்லை. ரெண்டு பேரும் மேலே போய்விட்டால் வீட்டில் பால் யார் வாங்கி வைப்பது என்பேன். சிரித்துவிட்டுத் தனியாகப் போவார். அப்புறம் எழுபதைத் தாண்டினார். வருஷாவருஷம் டாக்டர் பார்த்துத் தகுதி என்று எழுதிக் கொடுத்தால்தான் ஓட்டலாம். ஒரு தடவை அந்த டாக்டர் இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, அடுத்த தடவை தருவேனா என்று தெரியாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாப்பிடும்போது, "இந்த வருஷத்துக்குள்ள நீ வரணும்" என்றார். கெஞ்சலாகச் சொல்லவில்லை. ரசம் ஊற்று என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். அப்படியும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். பயம் என்றால் பயம்தான், அதில் என்ன வெட்கம்?

என் குறை வேறு. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலசாமியாக ஒரு சாஸ்தா உண்டு. குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளோ இருப்பார். எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்தன்று அங்கே போய்ப் பொங்கலிட வேண்டும். இவருடைய தாத்தா ராதாபுரத்துப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்கப் பேட்டைக்கு வந்தவர். வந்த இடத்தில் சாமியை மறந்துவிட்டார்கள். சாஸ்தா தெரியாதவர்களெல்லாம் போகிற மலையடிவாரத்துக் கோயிலில்தான் நாங்களும் வருஷாவருஷம் பானை வைத்தோம். உங்களுக்கு எந்தச் சாஸ்தா என்று பக்கத்து அடுப்புக்காரி கேட்பாள். தெரியாது என்று சொல்லும்போது இனிஷியல் இல்லாதவள் மாதிரி கூனிப்போவேன். உலகத்து நதிகளையெல்லாம் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற மனுஷனுக்குச் சொந்தச் சாமி இருக்கிற குளம் தெரியவில்லையே என்று குத்திக்காட்டாத உத்திரம் இல்லை. அவர் பாட்டுக்குத் தேங்காய் உடைப்பார்.

டாக்டர் அப்படிச் சொன்ன வருஷம், மாசி மாதம். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தவர், ராதாபுரத்துக் குளமெல்லாம் மேலேயிருந்து உள்ளங்கை மாதிரி தெரிகிறது என்று ஆரம்பித்தார். ஆனால் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதாம். அடையாளம் தெரிந்தவர்கள் பார்த்தால்தான் உண்டு என்றார். அடையாளம் எனக்குத்தான் தெரியும். மாமியார் கடைசிக் காலத்தில் என்னிடம்தான் சொன்னார்கள்: குளம் அரிவாள் மாதிரி வளைந்திருக்கும், தண்ணீருக்கு நடுவில் ஒரு பாறை முதுகு காட்டும், கரையில் ஒற்றைப் புளியமரம் நிற்கும். தரையில் போய் விசாரித்தால் ஊருக்கு ஊர் எங்கள் குளம்தான் அது என்று இழுத்தார்கள். நான் ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில், "சாமி காரியம், வாரேன்" என்றேன். அவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விமானம் தரையை விட்டுக் கிளம்பினதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கைக்கு வேலை இருக்கிறது, வேட்டியைப் பிடித்துக்கொள் என்றார். பேன்ட் போட்டிருந்த மனுஷன்! சிரித்ததில் பயம் பாதி இறங்கிவிட்டது. முதலில் வடக்கே போய் ஆற்றைக் காட்டினார். பிறந்ததிலிருந்து நான் குளித்த, துவைத்த, குடித்த தாமிரபரணி உப்பளங்களுக்கு நடுவில் கிளை கிளையாகப் பிரிந்து புன்னக்காயலில் கடலுக்குள் இறங்குகிறது. கீழே படகுகள் செருப்பைக் கழற்றிப் போட்ட மாதிரி கிடந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு அழகை எத்தனை வருஷம் தனியாகப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ரசம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடலை ஒட்டியே தெற்கே போனோம். பனைகள், செம்மண், நடுநடுவே குளங்கள். ஒவ்வொன்றாக உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்தேன். பிறகு ஒரு குளம் அப்படியே அரிவாளாகக் கிடந்தது. நடுவில் பாறை. கரையில் ஒரு மரம். நான் போட்ட கூச்சல் தரைக்கே கேட்டிருக்கும். அவரும் அடடா, அடடா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேலேயிருந்தே கும்பிட்டேன். இறங்கின பிறகு அன்று முழுக்க நான்தான் கண்டுபிடித்தேன், நான்தான் கண்டுபிடித்தேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவரும் ஆமாம் ஆமாம் என்றார்.

பங்குனி உத்திரத்துக்குப் புதுப்பானையும் வெல்லமும் அரிசியுமாகக் காரில் போய் இறங்கினோம். புளியமரத்தடியில் சின்னக் கோயில். பூசாரி எங்களைப் பார்த்ததும் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

"வாங்க சார். வீட்டம்மாவையும் ஒருநாள் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டே இருந்தியளே, இப்பந்தான் நேரம் கெடச்சுதாக்கும்?"

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பம் கண்டுபிடிச்சிய?"

"ரெண்டு வருஷம் இருக்கும். தாத்தா பேரைச் சொன்னதும் பூசாரி கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பஸ்ஸில வந்திருப்ப."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ரெண்டு உத்திரம் மலையடிவாரத்தில் அடுத்தவள் முன்னால் கூனிக்கொண்டு நின்றேனே! அடுப்பைக் கூட்டிப் பானையை வைத்தேன். சுள்ளியை நாலு தடவை தேவையில்லாமல் ஒடித்தேன். ரெண்டு வருஷமாக ஒரு சாமியையே ஒளித்துவைத்துக்கொண்டு, நான் ஒரு தடவை பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். கட்டின புருஷன் இதற்குமேல் ஒருத்திமேல் எப்படி ஆசை வைப்பான்? கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி கூட்டிட்டுப் போங்க. அந்த ஆத்தை இன்னொரு தடவை பாக்கணும்" என்றேன்.

அவர் அடுப்புப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "போன வாரமே டாக்டர் இல்லைன்னுட்டாரு. இனிமே நாம ரெண்டு பேரும் பஸ்தான்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. முகம் குளிர்ந்துதான் இருந்தது.

பானை பொங்கியது. பொங்கும்போது பொம்பிளைகள்தான் குலவை போட வேண்டும். வாயைக் குவித்துப் பார்த்தும் எனக்குச் சத்தமே வரவில்லை. பூசாரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது என் வீட்டுக்காரர் எழுந்து, முண்டா பனியனில் கையைத் துடைத்துவிட்டு, வாயைக் குவித்துக் குலவை போட்டார். அவருக்கு அது சரியாகவே வரவில்லை.