மான் இறங்கிய கடலைக்காடு

அழுகிய பூண்டைக் கசக்கினாற்போல ஒரு வாடை. உரக்கடை வாசலில் யாரோ பூச்சிமருந்து டப்பாவின் மூடியைத் திருகிப் பார்த்திருக்க வேண்டும். கையில் காய்கறிப் பை, உச்சியில் வெயில், பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் நாற்பதைத் தாண்டிய இந்த உடம்பு அங்கேயே நின்றுவிட்டது. வாடைக்குப் பின்னால் எங்கள் கடலைக்காடு. அதற்குப் பின்னால் மலை. மலையிலிருந்து ஓசையில்லாமல் இறங்கும் கால்கள்.

எழுபதுகளின் தொடக்கம். வாளையார்ப் பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மட்டும் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகளின் உறுமல் கேட்கும். வீட்டில் ஐயன், அண்ணன், அண்ணன் மனைவி, கல்யாணத்துக்குக் காத்திருந்த நான். அப்பாவை நாங்கள் ஐயன் என்போம், அண்ணன் மனைவியை நங்கை என்போம். அம்மா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். கிணற்றுத் தண்ணீரில் நிலக்கடலை, ஓரத்தில் அவரை, பட்டியில் வெள்ளாடு. அவ்வளவுதான் எங்கள் உலகம். அவ்வளவும் மலைக்குத் தெரியும்படி விரிந்து கிடந்தது.

அப்போது எங்களுக்குப் பகை செந்நாய். அது குரைக்காது. சீழ்க்கை அடிக்கும். ஓடைக்கரையில் ஒரு சீழ்க்கை, பாறைமேல் அதற்குப் பதில், அதற்குள் ஆட்டின் வயிறு திறந்திருக்கும். உயிர் போகும்வரைகூடப் பொறுக்காத பசி. ஒரு கோடையில் சினையாடாகப் பார்த்து எடுத்தன. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, தின்று மீந்த ஆட்டின் தொடையைக் கீறி, பூச்சிமருந்தை ஊற்றி, ஓடையில் போட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் மணலில் கிடந்தன. செம்பட்டை மயிர், கருத்த வால், வாயோரம் காய்ந்த நுரை. தாய் ஒன்று தின்றதைக் குட்டிகளுக்குக் கக்கிக் கொடுத்திருந்தது. குட்டிகளும் அங்கேயே, தாயின் மூக்கைத் தொட்டபடி. நான் பார்த்துவிட்டு ஓடையில் இறங்காமலே திரும்பினேன். அக்கம்பக்கத்துத் தோட்டத்தார் வந்து அண்ணன் முதுகில் தட்டினார்கள்.

"புலியக் கொன்னவராட்ட நடக்கறாரு பாரு அம்முணி, உன்ற அண்ணன்," என்றாள் நங்கை. கிண்டல்தான். குரலில் பெருமையும் இருந்தது.

சீழ்க்கை ஓய்ந்தது. இரண்டு பருவம் மழை வந்து போனது. பிறகு ஒரு காலையில், அவரைப் பந்தலடியில், புள்ளிமான் ஒன்று. காலுக்குள் ஒண்டியபடி குட்டி.

எங்கள் வயதுக்காரர்கள் யாரும் அதுவரை மானைப் பார்த்ததில்லை. வேட்டைக்காரர்கள் ஒழித்துவிட்டுப் போனதாகத்தான் கேள்வி. ஐயன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அப்படியே கும்பிட்டார். வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர். வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள் என்று எங்கள் பக்கத்தில் கும்மியடிக்காத ஊரில்லை.

"வள்ளி பொறந்த ஊட்டுக்கு வந்திருக்கறாடா. வாய்ல வெச்சதப் புடுங்கீராதீங்க," என்றார். அந்த வருஷம் மலையை ஒட்டிய நாலு வரிசைக் கடலையைப் பறிக்கவிடவில்லை. அது வள்ளி பங்கு. நாங்களும் சந்தோஷமாகத்தான் விட்டோம்.

மானுக்குப் பங்கு தெரியுமா? அடுத்த போகத்தில் கூட்டமாக வந்தன. பூ மண்ணுக்குள் இறங்கிக் காயாக வேண்டிய சமயம் பார்த்து, தழையை மொட்டையடித்தன. பழைய சேலைகளைக் கிழித்துக் கட்டினோம். தகரம் தட்டினோம். மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன, மென்றபடியே. மானைத் தொட்டால் ஜெயில் என்று பாரஸ்ட்காரர்கள் ஜீப்பில் வந்து மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். மொட்டையான கடலைச்செடியைப் பிடுங்கினால் வேரில் ஒன்றுமிருக்காது. வெறும் மண்.

"காவலுக்கிருந்த செந்நாயக் கொன்னுபோட்டுத் தகரம் தட்டறீங்களே, கேக்குமா அதுக்கு?" என்றாள் நங்கை ஒரு மத்தியானம்.

"நீயுந்தான அன்னிக்குச் சிரிச்சே," என்றான் அண்ணன்.

அதற்கு அடுத்த மார்கழியில் மறுபடி விதைத்தோம். நங்கையின் அண்ணன் பீர்மேட்டில் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார். வந்தால் வேலை உண்டு என்று சொல்லியனுப்பியிருந்தார். அண்ணன் கிணற்றடியில் நின்று ஐயனிடம் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னான்: "இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நாங்க பீர்மேட்டுக்குப் போயிர்றோமுங்க. அதுக்கு முன்னால நாய்க்கு வெச்சத மானுக்கும் வெச்சுப் பாக்கறனுங்க."

"வெச்சீன்னா, அந்தக் கையில நான் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டன்," என்றார் ஐயன்.

தைப்பூசம் வந்தது. ஐயன் காவடியோடு நடந்துவிட்டார். கடலை பூத்திருந்தது, மண்ணோடு மண்ணாக மஞ்சள் பொட்டுகள். அண்ணன் சோளத்தை மருந்தில் ஊறவைத்தான். அந்த நாலு வரிசையில், வள்ளி பங்கில், கைநிறைய அள்ளி வீசினான். நங்கை தடுக்கவில்லை. அவளுக்கும் அந்த மண்ணைவிட்டுப் போக மனமில்லை.

மான்கள் சோளத்தை மோந்துவிட்டு விலகிப்போன குளம்புத் தடம் மட்டும் இருந்தது. விழுந்தவை மயில்கள்.

வரிசை நெடுகக் கிடந்தன. கழுத்து நீலம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. தோகை கடலைப்பூவின்மேல் பரவிக் கிடந்தது. மலைச்சரிவில் மிச்சமிருந்த ஒன்று அகவியது, நிறுத்தாமல் அகவியது. நாங்கள் எடுத்துப் புதைக்குமுன் ஐயன் வந்துவிட்டார். வெடித்த பாதம், கழுத்தில் மாலை, கையில் பஞ்சாமிர்தச் சொம்பு. முருகனைப் பார்த்துவிட்டு வந்த கண்ணால் அதைப் பார்த்தார்.

"மாமா, காலக் கழுவுங்க," என்றாள் நங்கை.

ஐயன் வீட்டுக்குள் வரவில்லை. மண்வெட்டியை எடுத்தார். அண்ணன் வாங்கப்போனான், கொடுக்கவில்லை. அந்தப் பாதத்தோடு தாமே குழி வெட்டி, தம் துண்டை விரித்து, ஒவ்வொன்றாக உள்ளே கிடத்தினார். முடித்துவிட்டு வாசலில் நின்று விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தார். யாத்திரை போனவர் வந்து வீட்டிலுள்ளவர்களுக்குப் பூசிவிடுவது வழக்கம். நங்கைக்குப் பூசினார். எனக்குப் பூசினார். அண்ணன் நெற்றியைக் காட்டிக் குனிந்து நின்றான். ஐயன் பொட்டலத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

ஐயன் தோட்டத்து முள்வேலிப் படலைத் திறந்து வைத்தார். தகரத்தை யாரையும் தொடவிடவில்லை. பட்டப்பகலில் மான்கள் மேய்ந்தன. அண்ணன் ஆடு கட்டும் கட்டுத்தாரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், அவை கடைசிச் செடிவரை தின்று முடிக்கிறவரை.

பீர்மேட்டுக்குப் புறப்பட்ட அண்ணனையும் நங்கையையும் வழியனுப்ப, வாளையார் ரோட்டில் பாலக்காட்டு பஸ்ஸுக்கு நானும் நின்றேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு சாக்கு மூட்டை. நங்கை என் கையைப் பிடித்திருந்தாள். ஐயன் வரமாட்டார் என்றே நினைத்தோம். வந்தார். லாரிகள் கிளப்பிய புழுதிக்குள் அண்ணனுக்கு எதிரே வந்து நின்றார். இருவரும் மாறி மாறி ரோட்டைப் பார்த்தார்கள். பஸ் வளைவில் திரும்பியபோதுதான் ஐயன் வாயைத் திறந்தார்.

"அங்க மான் உண்டாடா?"

அண்ணன் பெட்டியைத் தூக்கினான். "இருக்குமுங்க. ஆனா தேயிலைய எதுவுந் திங்காதுங்களாமாங்க, ஐயா."