இல்லாத தூண்களுக்கு விலகியவள்

சக்கர ஷூ ஹாக்கியில் என்னைப் பின்னால் நிறுத்தியது திறமையைப் பார்த்து அல்ல, உடம்பைப் பார்த்து. காரைக்குடியில் நான் படித்த பள்ளியில் அணி சேர்த்தபோது, ஒல்லிப் பிள்ளைகளை எல்லாம் முன்னால் ஓடவிட்டுவிட்டு, "நீ கொஞ்சம் கனமா இருக்க, பின்னால நின்னு மறிச்சுக்க" என்றார் பயிற்சியாளர். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறிக்கத்தானே சொன்னீர்கள், எவள் என்னைத் தாண்டிப் போகிறாள் என்று பார்த்துவிடுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். பத்து வருஷம் ஆகிறது. இன்னும் அந்தக் கோபத்தில்தான் ஆடுகிறேன்.

தடுப்பாட்டம் என்றால் சும்மா நிற்பது என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு நாள் ஆடிப் பார்க்க வேண்டும். எதிராளி 'பக்'கைத் தள்ளிக்கொண்டு முழு வேகத்தில் வருவாள். பக் என்பது பந்துக்குப் பதிலாக இருக்கும் கறுப்பு வில்லை, கருகிப்போன அதிரசம் மாதிரி. அவளுக்கு முகம் காட்டியபடி, அவள் வேகத்துக்கே நான் பின்னோக்கி ஓட வேண்டும். முழங்காலை மடக்கி, காலைத் தூக்காமல், அரைவட்டம் அரைவட்டமாகத் தரையைத் தள்ளித் தள்ளி ஓட வேண்டும். இருவருக்கும் நடுவே ஒரு மட்டை நீளம்தான் இருக்கலாம். கூடினால் அங்கிருந்தே அடித்துவிடுவாள், குறைந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். பக்கைப் பார்க்கவே கூடாது, அதை வைத்துத்தான் ஏமாற்றுவாள். நெஞ்சைப் பார்க்க வேண்டும். நெஞ்சு போகிற பக்கம்தான் ஆள் போயாக வேண்டும். அவள் சட்டென்று பக்கவாட்டில் வெட்டினால், இடுப்பைத் திருப்பி நானும் முன்னோக்கி மாற வேண்டும். பக்கைத் தட்டிப் பறித்த பிறகும் வேலை முடியாது. தலை நிமிர்ந்து, ஆள் பார்த்து, நம் பிள்ளையிடம் அதைச் சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் பழக நீளமான, வழவழப்பான தரை வேண்டும். பள்ளியில் இருந்த சிமெண்டுத் தளம் நாலு எட்டில் முடிந்துவிடும். நீளமான தரை எங்கள் வீட்டில் இருந்தது.

காரைக்குடிக்குப் பக்கத்தில், கண்டரமாணிக்கத்தில் இருக்கும் அந்த வீடு எங்களுடையது மட்டும் அல்ல. பங்காளிகள் பன்னிரண்டு புள்ளிகளுக்குப் பொது. கல்யாணமான ஒவ்வோர் ஆணின் குடும்பத்தையும் எங்களில் ஒரு புள்ளி என்று எண்ணுவார்கள். மற்றவர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். அம்மாவை ஆத்தா, அப்பாவை அப்பச்சி என்பது எங்கள் வழக்கம். ஆத்தாவும் அப்பச்சியும் நானும் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். பின்கட்டில் பந்தி போடும் ஹால், மற்றவர்களுக்குக் கல்யாணம் காட்சி என்றால்தான் திறக்கும்; சாவி யார் முறையானாலும் எங்கள் அறையில்தான் தொங்கும். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். நடுவே இரண்டு வரிசையில் பதினான்கு இரும்புத் தூண்கள். பள்ளிவிட்டு வந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு அங்கே போய்விடுவேன்.

முதல் மாதம் முதுகால் எத்தனை தூணை இடித்தேன் என்று கணக்கில்லை. பின்னந்தலையில் வீங்காத இடம் இல்லை. போகப் போக உடம்பே கற்றுக்கொண்டது. இரண்டு தள்ளு தள்ளி மூன்றாவதில் இடுப்பை ஒடித்தால் தூண் விலகிவிடும். திரும்பிப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டுகூட அந்த ஹாலை முழு நீளமும் பின்னோக்கி ஓட எனக்கு வந்துவிட்டது. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

முன்னோர்களுக்குப் படையல் வைக்கும் படைப்புக்கு ஒரு வருஷம் எல்லாப் பங்காளிகளும் கூடினார்கள். இலை போட ஹாலைத் திறந்த பெரியப்பச்சி, அப்பச்சியின் அண்ணன், தரையில் சக்கரத் தடத்தைப் பார்த்துவிட்டார். நான் தேங்காயெண்ணெய்யும் துணியும் எடுத்துவந்து, மண்டிபோட்டு அத்தனையையும் துடைத்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை. பெண்பிள்ளைகளையும் ஆத்தா என்றே கூப்பிடுபவர், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன ஆத்தா இது, பொதுவீட்டுல சக்கரத்தைக் கட்டிக்கிட்டு உருண்டுக்கிட்டு?"

"பொதுன்னா எனக்கும் பொதுதானே பெரியப்பச்சி?"

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நீ கட்டிக்குடுத்துப் போற பிள்ளை. உனக்கு இங்குட்டு ஏது புள்ளி?"

அவர் திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். ஊரறிந்த விஷயத்தைச் சொல்வதுபோல அவர் சொன்னதுதான் என்னைச் சுட்டது. அப்பச்சி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு. வருஷத்துக்கு ஒரு புள்ளியாகச் சாவி வைத்துக்கொள்வது வழக்கம், அந்த வருஷ முறை பெரியப்பச்சியுடையது. ஊருக்குக் கிளம்பும்போது ஹாலைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

அறையில் படுத்து அழுதுகொண்டிருந்தேன். ஆத்தா வந்து ஷூவை என் பக்கத்தில் வைத்தாள்.

"அவுக ஹாலைத்தான பூட்டுனாக? ஊருணிக்கரை ரோட்டுக்கு யாரு பூட்டுப் போடுவா? எந்திரிச்சு அங்குட்டுப் போடி."

போனேன். புதிதாகப் போட்ட சிமெண்டு ரோடு. தண்ணீருக்கு வந்தவர்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "பிள்ளை என்ன பின்னாலயே போகுது?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று அவர்கள் முன்னாலேயே இன்னும் வேகமாகப் போனேன். கல்லூரி முடிகிற வரை அந்த ரோட்டை நான் விடவில்லை.

அப்புறம்தான் பனிக்கட்டி வந்தது. சக்கரத்தில் ஆடும் பெண்களிலிருந்து பனிக்கட்டி ஹாக்கிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று, வடக்கே ஒரு மலையூருக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஐந்து நாள் முகாம். தடுப்பாட்டத்துக்கு இடம் நான்கு, வந்திருந்தவர்கள் பதினொரு பேர். கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான், வயசும் இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இதை விட்டால் எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது.

காரைக்குடிக்காரிக்குப் பனிக்கட்டி என்றால் மீன்பெட்டியில் பார்த்ததுதான். முதல் நாள் விழுந்துகொண்டே இருந்தேன். ஆனால் ஷூவுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தகட்டின் விளிம்பு பனியைக் கடிக்கிற விதம் பிடிபட்டதும், சக்கரத்தைவிட அது எனக்குச் சொன்னபடி கேட்டது. குறுக்காகத் தேய்த்தால் அப்படியே நின்றது. ஆஹா, இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று அதைக் கேட்கலாம்போல இருந்தது.

மூன்றாம் நாள் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடும் சோதனை. எனக்கு எதிரே அந்த ஊர்ப் பெண், நடக்கப் பழகியதே பனியில்தான். அவள் வந்தாள், நான் பின்னோக்கிப் போனேன். இடைவெளி சரியாக இருந்தது, மட்டை சரியாக இருந்தது. திடீரென்று என் இடுப்பு தானாக வலப்பக்கம் ஒடிந்தது. திறந்த வாசலில் நுழைவதுபோல அவள் நுழைந்து கோல் போட்டாள். இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறையும் அதேதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

தேர்வாளர் பக்கத்தில் வந்தார். "யாருக்கு வழிவிடுகிறாய்?" என்று இந்தியில் கேட்டார். கை நன்றாக இருக்கிறது, முன்வரிசையில் ஒரு இடம் காலி, அங்கே பெயரை மாற்றி எழுதட்டுமா என்றும் கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். முன்வரிசை கிடைக்காதா என்று ஏங்கியவர்கள் என்னைப் பைத்தியம் என்பதுபோலப் பார்த்தார்கள்.

அறைக்கு வந்து கம்பளிக்குள் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு தள்ளு, மூன்றாவதில் ஒடிப்பு. அப்போதுதான் உறைத்தது. அது பந்தி ஹாலின் தூண். பள்ளித் தளமும் நாங்கள் போட்டி ஆடிய தளங்களும் சின்னவை, எப்போதும் திரும்பிக்கொண்டே இருப்போம், யாருக்கும் தெரியவில்லை. ரோட்டில் எதிரே ஆள் இல்லாததால் எனக்கே தெரியவில்லை. ரெண்டாயிரம் மைல் தள்ளி, இல்லாத தூணுக்கு நான் ஒதுங்கிக்கொண்டிருந்தேன். அவமானமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என்னைப் பூட்டி வெளியே தள்ளிய வீடு, இங்கேயும் வந்து என் வழியை மறிக்கிறதே என்று இருந்தது.

மறுநாள் காலை நானே தேர்வாளரிடம் போனேன். அதே பெண்ணை அனுப்புங்கள், ஐந்து முறை, ஒரு முறை தாண்டினாலும் நானே பெயரை அடித்துவிடுகிறேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு விசிலை ஊதினார்.

அவள் வந்தாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது தள்ளில் முதுகு சில்லிட்டது. தூண் அங்கே நிற்கிறது என்று என் எலும்பெல்லாம் சத்தியம் செய்தது. விலகு, விலகு என்று உடம்பு கெஞ்சியது. மோதினால் மோதட்டும், மண்டை உடைந்தால் உடையட்டும், நான் விலக மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போனேன். எதுவும் இடிக்கவில்லை. எதிரே அவள் நெஞ்சு இடப்பக்கம் சாய்ந்தது தெரிந்தது. மட்டையை நீட்டி ஒரே தட்டு. பக் என்னிடம் இருந்தது. அவள் வெறும் மட்டையோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

ஐந்து முறையும் வந்தாள். ஒவ்வொரு முறையும் அந்தத் தூண் இருந்தது, ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் அதன் வழியாகப் போனேன். ஐந்து முறையும் பக் என்னிடம்தான் தங்கியது. கடைசியில் அவளே வந்து என் தலைக்கவசத்தில் தட்டினாள். கடைசி நாள் எங்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆட விட்டார்கள். சாயங்காலம் பட்டியல் வந்தது. தடுப்பாட்டத்தில் நாலாவது பெயர் என்னுடையது.

ஆத்தா குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறாள். அரைமணி நேரத்தில் பெரியப்பச்சியிடமிருந்து போன்.

"ஆத்தா, கேட்டதுல ரொம்பச் சந்தோசம். நம்ம வீட்டுப் பிள்ளைன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். கடைசி ஆட்டத்துல எத்தனை கோல் போட்டே?"

"ஒண்ணுகூடப் போடல பெரியப்பச்சி."

"பெறகு எப்பிடி எடுத்தாக?"

"எவளையும் போட விடல."