பச்சைக்கு நடுவில் நீலம்

1. என் பாயின்ட்

பொம்மசந்திராவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்று. அதன் ஆபீசில் இருபத்துநாலு கம்ப்யூட்டர். அத்தனைக்கும் நெட்வொர்க் கேபிள் இழுத்தது இரண்டே பேர். ஒருவர் முனிசாமி, முன்பு டெலிபோன் லைனில் இருந்தவர். இன்னொருத்தி நான், ஆரோக்கியமேரி, விவேக் நகர். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள், அதைப் பாயின்ட் என்போம். இருபத்துநாலில் பதினேழு என் கையால் போட்டது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ட்ரான்ஸ்ஃபார்மர் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஃபேக்டரியை மூடியதும் கான்ட்ராக்டர் சந்திரப்பாவிடம் போய் நின்றேன். அவர் என் படிப்பைக் கேட்கவில்லை, கையைப் பார்த்தார். "விரல் சன்னமா இருக்கு. சின்ன ஒயர் பிடிக்கும். நாளைக்கே வா" என்றார்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். கேபிளுக்குள் எட்டு ஒயர், நாலு ஜோடி. ஆரஞ்சும் அதன் வெள்ளைக்கோட்டு ஒயரும் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும். பச்சை, நீலம், பழுப்பு எல்லாம் அப்படியே. முறுக்கைப் பிரித்து, எட்டையும் வரிசையாக வைத்து, கண்ணாடி மாதிரியான கனெக்டருக்குள் தள்ளி, க்ரிம்பிங் டூலால் ஒரு அழுத்து. மறுமுனையிலும் அதே வரிசை. பிறகு டெஸ்டரை மாட்டினால் எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும்.

பார்த்துச் செய்யச் சொல்லி, க்ரிம்ப் செய்த கனெக்டர் ஒன்றைச் சந்திரப்பா கொடுத்திருந்தார். அதில் ஆரஞ்சு ஜோடி பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. பழுப்பும் அப்படித்தான். பச்சையை மட்டும் பிரித்து, நடுவில் நீல ஜோடியை நுழைத்திருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. காயிலில் ஒரு சுற்று விலகினாலே தூக்கிப் போட்டுவிடும் இடத்தில் வேலை பார்த்தவள் நான். யாரோ அவசரத்தில் செய்த தப்பு என்று நினைத்து, நானாகவே திருத்திவிட்டேன். பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் நீலம். எட்டு விளக்கும் ஜம்மென்று எரிந்தன.

முனிசாமி கொடுத்ததைப் பார்த்து அப்படியே செய்வார். நான் கேலி செய்வேன். "என்ன முனிசாமி, பச்சைக்காரன் பொண்டாட்டிய நீலக்காரனுக்கு அந்தப் பக்கம் உக்கார வெச்சிருக்கே?"

"எனக்கென்னக்கா தெரியும்? சாம்பிள்ல அப்படித்தான் இருக்கு."

சந்திரப்பா போகிற இடமெல்லாம், "மேரியம்மா போட்ட பாயின்ட்டா? டெஸ்டரே பேடா, சார்" என்பார். அவர் பாஷையில், வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். மூன்று வருஷம் நிமிர்ந்தபடியே இருந்தது.

2. புது ஸ்விட்ச்

மூன்று வருஷம் கழித்து அதே ஆபீசில், எல்லா கேபிளும் வந்து சேருகிற பழைய ஹப் பெட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது ஸ்விட்ச் மாட்டினார்கள். பத்து மடங்கு வேகம் என்று பேச்சு. திங்கட்கிழமை வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள், ஸ்டாக் கணக்கை ஸ்க்ரீனிலேயே காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் மாட்டியதும் ஏழு கம்ப்யூட்டர் பறந்தது. மற்றதெல்லாம் முன்பைவிட மோசமாக நகர்ந்தது. போன் வந்ததும் சந்திரப்பா எங்கள் இரண்டு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

உள்ளே மேனேஜர் சீனிவாசன் சார், ஸ்விட்ச் மாட்ட வந்த இன்ஜினியர் பிரகாஷைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, பத்து மடங்குன்னியே! ஒரு ஃபைல் திறக்கறதுக்குள்ள நான் கேன்டீனுக்குப் போய் காபி குடிச்சுட்டு வந்துட்டேன். பழைய டப்பாவே தேவலாம் போலிருக்கே!"

சந்திரப்பா முந்திக்கொண்டார். "சார், கேபிள் நம்ம மேரியம்மா போட்டது. அதுல தப்பே வராது. அந்த ஸ்விட்ச்சைக் கேளுங்க."

நானும் தலையாட்டினேன்.

பிரகாஷ் பாவம், எல்லாம் செய்து பார்த்தார். ஓடாத கம்ப்யூட்டரைத் தூக்கி ஓடுகிற பாயின்ட்டில் மாட்டினார், ஓடியது. ஸ்விட்ச்சில் கேபிள் சொருகும் துளையை மாற்றினார், பிரயோஜனமில்லை. என் பாயின்ட்டில் டெஸ்டரை மாட்டினார். எட்டு விளக்கும் எரிந்தன.

"கேபிள் பெர்ஃபெக்ட், சார். ஸ்விட்ச்தான் டிஃபெக்ட் போல. திருப்பி எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"எடுத்துண்டு போ. இனிமே உங்க கடை ஆள் யாரும் இந்த கேட்டுக்குள்ள வரப்படாது."

அப்போதுதான் எந்தெந்த மேஜை ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஜன்னலோர ஏழு. முனிசாமியின் ஏழு. மற்ற பதினேழும் என்னுடையது.

3. மூணும் ஆறும்

ஸ்விட்ச்சிலிருந்து கழற்றிப் போட்டிருந்த கேபிள்களில் முனிசாமி போட்ட ஒன்றின் முனையை எடுத்துப் பிரகாஷிடம் காட்டினேன்.

"சார், பச்சைக்கு நடுவுல நீலம் எதுக்கு சார்?"

அவர் ஸ்விட்ச்சைப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார். "அதுவாம்மா? கம்ப்யூட்டர் ஒண்ணாவது, ரெண்டாவது ஒயர்ல அனுப்பும். மூணாவது, ஆறாவது ஒயர்ல வாங்கும். நடுவுல நாலும் அஞ்சும் போனுக்குன்னு விட்டது. அதனால மூணும் ஆறும் ஒரே ஜோடியா இருக்கணும். அதான் பச்சை."

"மூணுல பச்சையும் ஆறுல நீலமும் வந்துட்டா?"

"ரெண்டும் வேற வேற ஜோடி ஆயிடும்மா. ஒரே ஜோடியா முறுக்கினாத்தான் பக்கத்து ஒயர்ல போறது இதுல கலக்காது. மெதுவா ஓடறப்ப சமாளிச்சுக்கும். வேகம் கூடுச்சுன்னா..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என் கேபிள் ஒன்றின் முனையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஜோடியைச் சேர்த்து வைக்கிறேன் என்று நினைத்துப் பதினேழு இடத்தில் பிரித்து வைத்திருக்கிறேன்!

ஸ்விட்ச்சை மறுபடி மாட்டச் சொன்னேன். ஒரு பாயின்ட்டின் இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாக க்ரிம்ப் செய்தேன். அவசரத்தில் முதல் கனெக்டர் வீணானது. அந்த மேஜையில் இருந்த பெண் ஃபைலைத் திறந்தாள். மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை, அதற்குள் "அய்யோ, வந்துருச்சு!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். அவமானமெல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்தே போனது. பதினேழும் இப்படிப் பறக்கும் என்று தெரிந்துவிட்டது!

பிரகாஷ் குனிந்து மெதுவாகச் சொன்னார். "கனெக்டர் பழசாயிடுச்சு, மாத்தறோம்னு சொல்லிக்கலாம்மா."

அது நல்ல மனசு. ஆனால் அவரை கேட்டுக்குள் வராதே என்று சொன்னது என் காதில் இன்னும் இருந்தது. மேனேஜர் ரூமுக்குப் போனேன். சந்திரப்பா பின்னாலேயே வந்து, "சும்னே இரும்மா, ஒண்ணும் சொல்லாதே" என்று என் டூல் பையைப் பிடித்து இழுத்தார்.

"சார், ஸ்விட்ச் நல்ல ஸ்விட்ச். அந்த சார் மேல தப்பில்ல. ஒயர் வரிசைய நான்தான் தப்பா போட்டிருக்கேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாத்தையும் எத்தனை மணிக்குள்ள சரி பண்ணுவேள்?"

"அஞ்சுக்குள்ள, சார்."

"அப்புறம் இங்க நின்னுண்டு என்ன பேச்சு? போங்கோ!"

மீதி பதினாறு பாயின்ட், முப்பத்திரண்டு முனை. முனிசாமி தோல் உரிக்க, நான் அடுக்கி அழுத்த. "அக்கா, நீலக்காரன் நடுவுல உக்காரலாமா? உத்தரவு குடுங்க" என்று அவர் ஆரம்பித்தார். "வாய மூடிக்கிட்டு உரி" என்றேன். ஒவ்வொரு மேஜையாக உயிர் வர வர ஆபீஸ் பெண்கள் கை தட்டினார்கள். நாலே முக்காலுக்குக் கடைசி பாயின்ட் ஓடியது.

4. மற்ற ஆபீஸ்கள்

சந்திரப்பாவோடு வேனில் திரும்பினோம். பொம்மனஹள்ளி தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன். "மத்த ஆபீசுங்களுக்கும் போகணும் சார். அங்கயும் இதே மாதிரிதான் போட்டிருக்கேன்."

"யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலியே. எல்லாம் பழைய ஹப்."

"நாளைக்கு மாத்துவாங்க. இதே மாதிரி யாரோ ஒரு பிள்ளை திட்டு வாங்கிக்கிட்டு நிக்கும்."

"உன் பேரு கெட்டுடும், மேரியம்மா."

"கெடட்டும் சார். ஒயர் சரியாகட்டும்."

"சரி, கனெக்டர் நான் குடுக்கறேன்" என்றார் சந்திரப்பா.

பதினோரு ஆபீஸ். ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் எந்தச் சுவரில் எத்தனை பாயின்ட் என்று கைக்கு நினைவிருந்தது. சில இடத்தில் சிரித்தார்கள். ஒரு இடத்தில் இனி வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். எட்டு விளக்கும் எரிந்தால், ஒயர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று டெஸ்டருக்குத் தெரியாது. ஒன்று கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தால் திருத்துவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். கேட்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

கடைசியாகப் போனது அல்சூரில் ஒரு ட்ராவல் ஆபீஸ். ரிசப்ஷனில் இருந்த பெண் என் டூல் பையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா கூப்பிட்டாங்க? எங்க கம்ப்யூட்டர் எல்லாம் நல்லாத்தானே ஓடுது?" என்றாள்.

"ஓடுதும்மா. தப்பா ஓடுது. நான்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து முதல் முனையை வெட்டினேன்.