எங்கள் ஆள் போட்ட பூங்கா

சங்கத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். காய் இல்லை, கத்தரிக்கோல். பூங்கா, மைதானம், மழைத் தண்ணீர் போகும் வழி இவற்றையெல்லாம் வரைந்து கொடுக்கும் நிலவடிவமைப்பாளர்களின் சங்கம் அது. அதன் மாதச் செய்தி மடலுக்கு அவள் ஆசிரியர். உறுப்பினர்கள் தங்கள் பூங்காவைத் தாங்களே புகழ்ந்து எழுதி அனுப்புவார்கள். அவள் முக்கால்வாசியை வெட்டிவிட்டு, நட்ட மரத்தில் எத்தனை பிழைத்தது என்று கேட்டு எழுதுவாள். முகத்துக்கு நேரே சிரிப்பார்கள். முதுகுக்குப் பின்னால் யாரும் சிரித்ததில்லை.

சங்கத் தலைவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். படித்து முடித்ததும் அவளுக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான். பின்னால் அவள் தனியாகத் தொழில் தொடங்கியபோதுகூட இருவருக்கும் மனத்தாங்கல் வரவில்லை. அது ஆற்றங்கரைப் பூங்காவால் வந்தது.

அத்தானின் நிறுவனம் போட்ட பூங்கா. மழைத் தண்ணீர் தேங்கி இறங்கிக்கொண்டிருந்த பள்ளத்தை மேடாக்கி, வழவழப்பான கல் பாவியிருந்தார்கள். அடுத்த மழையில் தண்ணீர் அங்கே நிற்காமல் பின்தெருவுக்குள் புகுந்தது. அவள் நேரில் போய்ப் பார்த்தாள். வீட்டுச் சுவர்களில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. ஊறிப்போன மெத்தையை வாசலில் சாய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "நீங்களும் அவங்க ஆளாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கண்டதைச் செய்தி மடலில் எழுதினாள். அச்சுக்குப் போகும் முன்பே அது அத்தான் கைக்குப் போய்விட்டது. செயற்குழு கூடியது.

"பொதுப் பூங்கா எதுவா இருந்தாலும் நம்ம ஆளு கையெழுத்து வேணும்னு சட்டம் கேட்டு அலையுறோம். சட்டமன்றக் குழு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கு," என்றார் செயலாளர். "இந்த நேரத்துல நம்ம வீட்டுக் குப்பையை நாமளே தெருவுல கொட்டணுமா?"

"தெருவுலதான் ஏற்கெனவே கிடக்கே. அள்ளலாம்னு சொல்றேன்."

அத்தான் அவளைப் பார்க்காமலே பேசினார். "உனக்கு ஸ்கேல் பிடிக்கக் கத்துக்குடுத்தவன் நான்."

"அதனாலதான் அத்தான் உங்க வரைபடத்துல தப்பு எங்கேன்னு எனக்குத் தெரியுது."

செய்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உறுப்பினர்களின் சுற்றுலாப் படத்தைப் போட்டார்கள். ஆனாலும் விசாரணைக்கு அவளைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. சட்ட வரைவை வரி வரியாக எழுதியவள் அவள். செயலாளருக்கோ மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

முந்தின நாள் அக்கா போன் செய்தாள். "அங்க போய் அவர் பேரைக் கெடுத்தே, எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்லைன்னு நினைச்சுக்குவேன்."

"நானா வாயைத் திறக்க மாட்டேன்க்கா. கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

கேட்டார்கள். கட்டட ஒப்பந்தக்காரர்களின் பிரதிநிதி எழுந்து, "இந்தத் தோட்டக்காரங்க கையெழுத்துப் போட்டா எல்லாம் சரியாயிடுமா? ஆத்தங்கரைப் பூங்காவை யாரு போட்டாங்கன்னு சொல்லச் சொல்லுங்க," என்றார். குழுத் தலைவி அவள் பக்கம் திரும்பினார். பின்வரிசையில் அத்தான் தொண்டையைச் செருமினார். எதிர்பாராத கனமழை என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்திருக்கலாம்.

"எங்க ஆளுதான்," என்றாள். "எங்க தலைவர். பள்ளத்தை மூடினது தப்பு. ஆனா அந்தத் தெருக்காரங்க இன்னிக்கு யார்கிட்டப் போவாங்க? ஒப்பந்தக்காரர் எங்களைக் காட்டுவார், நாங்க அவரைக் காட்டுவோம். பொறுப்புன்னு யாரும் கையெழுத்துப் போடலை. போடணும்னு சட்டமும் இல்லை. நாங்க கேக்கிறது கௌரவம் இல்லைம்மா. தப்பு நடந்தா எங்க சட்டையைப் பிடிக்க வழி."

பிரதிநிதி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

வெளியே நடைபாதையில் அத்தான் அவளுக்குக் குறுக்கே வந்து நின்றார். "இனி வீட்டுப் பக்கம் வராதே," என்று மெதுவாகத்தான் சொன்னார்.

சங்கத்தின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததாகப் பொதுக்குழுவில் தீர்மானம் வந்தது. அவள் கைபிடித்து வளர்த்துவிட்டவர்களும் அவளைப் பார்க்காமல் கையைத் தூக்கினார்கள். ஆசிரியர் பதவி போனது. சட்டம் நிறைவேறிய மாதம் வந்த செய்தி மடலில், பூங்கொத்தும் கையுமாக அத்தான் முழுப் பக்கத்துக்கு நின்றார். கீழே, தலைவரின் அயராத முயற்சி. அவள் பெயர் எங்கும் இல்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கும் அழைப்பு வரவில்லை. அந்தக் குழந்தைக்குச் சைக்கிள் பழக்கியவள் அவள். அன்று அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பின்தெருக்காரர்கள் விடவில்லை. நகராட்சியை நச்சரித்து, பூங்காவை மாற்றியமைக்க உத்தரவு வாங்கினார்கள். புதுச் சட்டப்படி ஒரு நிலவடிவமைப்பாளர் கையெழுத்து வேண்டும். தலைவர் போட்டதில் கைவைக்கச் சங்கத்தில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அவள் போட்டாள்.

கல்லைப் பெயர்க்கும் நாளில் அத்தானின் கார் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"மேற்கு மூலையில தோண்டாதே. அடியில களிமண்ணு, தண்ணி இறங்காது. பழைய பள்ளம் இருந்த இடத்துலதான் இறங்கும்."

அவள் கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். "அப்போ தெரிஞ்சேதான் மூடினீங்களா அத்தான்?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போடச் சொன்னவங்க அழகா வேணும்னாங்க," என்றார். கண்ணாடி ஏறியது.

மேற்கு மூலையில் அவளும் தோண்டுவதாகத்தான் இருந்தாள். ஆளைவிட்டுக் குழி போட்டுப் பார்த்தாள். அவர் சொன்னது சரி, சுத்தக் களிமண். வரைபடத்தைத் திருத்தினாள்.

அந்த மழைக்காலத்தில் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை. அக்காவிடமிருந்து போனும் வரவில்லை.