பெரிய கசத்தைத் திறந்த கோடை

எழுபதுகளின் நடுவில் நான் குரங்கணிக்கும் போடிக்கும் இடையே ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏலக்காய் மூட்டைகளுக்கும் ஆட்களின் கால்களுக்கும் நடுவே ஈரச்சாக்கு போர்த்திய மீன்கூடைகள் இரண்டு மூன்று எப்போதும் இருக்கும். வண்டி ஒரு குழியில் விழுந்து எழும்போது சாக்குக்குள்ளிருந்து ஒரு வால் படபடவென்று அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கூடைகள் என் மதினியுடையவை.

மதினி என் அண்ணன் மனைவி. மலையிலிருந்து இறங்கும் ஆற்றில் மீன்பாசிக் குத்தகையை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, அண்ணன் பெயரில் எடுத்திருந்தோம். லாரி கவிழ்ந்து அண்ணனுக்குக் கால் ஊனமான பிறகு, ஏலத்துக்குப் போவது, வலைக்காரர்களோடு பேசுவது, போடிச் சந்தைக்கு மீனை அனுப்புவது எல்லாம் மதினியின் சோலியாயிற்று. வலை போட நான்கு குடும்பங்கள் இருந்தன. அவர்களில் மூத்தவரை ஊரே வலைக்காரர் என்றுதான் அழைக்கும்.

ஆற்றில் அங்கங்கே கசங்கள் உண்டு. கோடையிலும் வற்றாத ஆழமான பள்ளங்கள் அவை. அவற்றில் மேலே, பாறைகளுக்கு நடுவில் கிடந்த பெரிய கசத்தில் மட்டும் வலை விழக்கூடாது என்று, தான் பொறுப்பேற்ற முதல் வருஷமே மதினி சொல்லிவிட்டாள். ஆனி, ஆடியில் புதுத்தண்ணீர் இறங்கி, மீன்கள் முட்டையிட எதிரேறும் நாட்களில் ஆறு முழுக்கவே வலை கிடையாது. வலைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"அம்புட்டும் நம்ம குத்தகைதான ஆத்தா? நல்ல மீனு கெடக்கிற எடத்தை விட்டுட்டு எதுக்குக் கீழ கெடந்து தொழாவணும்?" என்றார்.

"தண்ணிக்குள்ள எம்புட்டுக் கெடக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமாண்ணே? எனக்கும் தெரியாது. நம்ம நெனப்புத் தப்பாப் போச்சுன்னா மறுக்கா ஆறு ரொம்புறதுக்கு ஒரு எடம் வேணும்ல."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் அந்தக் கசத்துப் பக்கம் போகவில்லை. மதினி பெரிய படிப்புப் படித்தவள் அல்ல, ஆற்றங்கரையில் பிறந்தவளும் அல்ல. தேவாரம் என்ற ஊரில், மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள். விதைச்சோளத்தைத் தனியாக எடுத்து வைக்கிற வீட்டுப் பழக்கத்தைத்தான் ஆற்றுக்குக் கொண்டுவந்தாள் என்று நினைக்கிறேன். அது மீனுக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் அவளுக்கே இருந்தது. "சும்மா ஒரு குருட்டு நம்பிக்கைதான் தம்பி" என்று ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு அடுத்தடுத்து மழை பொய்த்தது. மலையில் ஏலச்செடிகள் கருகின. தோட்டங்களில் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஜீப்பில் ஏற ஆளில்லை. ஆனால் மீன்கூடைகள் மட்டும் பெருகின. ஆறு சுருங்கச் சுருங்க, முன்பு ஒரு வீச்சுக்கு விழுந்ததைப்போல் இரண்டு மடங்கு விழுந்தது. வலைக்காரர் பூரித்துப்போனார். "மீனு பெருகிப்போச்சு ஆத்தா, நீ விட்டு வச்ச புண்ணியம்!"

மதினி மட்டும் சந்தோஷப்படவில்லை. "பெருகிருக்கா, இல்ல தண்ணி கொறைஞ்சு எல்லாம் ஒரே எடத்துல வந்து அடைஞ்சிருக்கான்னு தெரியலையே" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

கோடை முற்றியபோது கீழ்க்கசங்கள் சேறாயின. பெரிய கசமும் இறங்கத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் நான்கு குடும்பங்களும் வீட்டு வாசலில் வந்து நின்றன. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வலைக்காரர் கோபமாகப் பேசவில்லை. கெஞ்சத்தான் செய்தார்.

"இன்னும் கொஞ்ச நாள்ல வத்திரும் ஆத்தா. கொக்கும் நாரையும் தின்னுட்டுப் போகும். அது எங்க புள்ளைக வயித்துக்குப் போகட்டுமே."

அன்று மதினி என் ஜீப்பில் ஏறி, பாதை முடிகிற இடத்தில் இறங்கி, கசம் வரைக்கும் நடந்தாள். வெகுநேரம் பாறைமேல் நின்று பார்த்தாள். வானத்தையும் பார்த்தாள். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வற்றிவிட்டால் விட்டுவைத்ததில் அர்த்தமில்லை. வற்றாவிட்டால்? அதை யார் சொல்ல முடியும்? திரும்பி வந்து, "பாதி எடுங்கண்ணே. பாதியை விட்டுருங்க" என்றாள்.

எதில் பாதி என்று அங்கே யாருக்கும் தெரியாது. வலை போகப்போக நிறைந்தே வந்தது. நிறைந்து வருகிறவரை பாதிகூட எடுக்கவில்லை என்றே எல்லோரும் நம்பினார்கள். பொன்னிறச் செதில்களோடு, கைக்குழந்தை நீளத்துக்குக் கெண்டைகள். பலவற்றின் வயிறு சினையால் உப்பியிருந்தது. ஒரு மாலையில் வலை சட்டென்று வெறுமையாக வந்தது. மறுபடி வீசினார்கள். மறுபடியும் வெறும் வலைதான்.

சில நாட்களிலேயே கோடைமழை கொட்டியது. கசம் வற்றவேயில்லை.

அந்த ஆடியில் ஆறு கரைபுரண்டு வந்தது. எதிரேறி வர மீன் இல்லை. மதினி ஆறு முழுக்க வலை கூடாது என்று சொல்லிவிட்டாள். குத்தகையைக் கட்டிக்கொண்டு வலையே போடாமல் காத்திருந்தாள். விரலளவுக் குஞ்சுகளைத் தவிர எதுவும் தென்படவில்லை. நான்கு குடும்பங்களும் போடிமெட்டு ஏறி, கேரளத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போயின. அவர்களை ஏற்றிப்போனது என் ஜீப்புதான். மதினி வழியனுப்ப வந்து, குழந்தைகளைத் தூக்கி ஏற்றிவிட்டாள். பிறகு குத்தகை வேறொருவர் கைக்கு மாறியது. அவர் மீனுக்காக ஆற்றில் வெடித்தோட்டா போட்டதாகச் சொன்னார்கள்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு கல்யாணத்துக்காகப் போடி வந்த வலைக்காரர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. மதினி காப்பி கொடுத்தாள். அவள் மனசு தெரிந்தவர்போல அவர்தான் பேச்சை எடுத்தார்.

"ஏலத்தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து ஆத்துல கலந்துதான் மீனு செத்துருக்கும். அங்க எங்க தோட்டத்துலயும் அதே கதைதான். நீ எதுக்கு இன்னும் மனசுல வச்சுக்கிட்டு மருகுற?"

மதினி தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மருந்தாவும் இருக்கலாம்ணே. மழையாவும் இருக்கலாம். நம்ம வலையாவும் இருக்கலாம். அந்தக் கசத்தை விட்டு வச்சிருந்தா, எதுன்னாவது தெரிஞ்சிருக்கும்."

இன்று மதினி இல்லை. குரங்கணிக்குப் போகும்போதெல்லாம் நான் பெரிய கசம் வரை நடந்துபோய்ப் பார்க்கிறேன். தண்ணீர் தெளிந்து, அடியில் கிடக்கும் கூழாங்கற்கள்வரை தெரிகின்றன. நடுவில் ஒரு வால்கூட அசைவதில்லை.